மாதிரி விமான டிரான்ஸ்மிட்டரில் சுவிட்சுகளை ஒழுங்கமைத்தல்: கட்டுப்பாட்டுப் பிழைகளின் வகைப்பாட்டை அடிப்படையாகக் கொண்ட விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

வானொலி அலைவழி இயங்கும் மாதிரி விமானத்தின் டிரான்ஸ்மிட்டரில் எந்தச் சுவிட்ச் எந்தப் பணியைச் செய்ய வேண்டும் என்பதை இன்று பயன்படுத்துபவரே தீர்மானிக்கிறார். அத்தீர்மானம் பெரும்பாலும் அப்போதைய வசதி, காலியாக இருக்கும் சுவிட்ச் என்ற அளவிலேயே நின்றுவிடுகிறது. விமானிகளின் கட்டுப்பாட்டுப் பிழைகளை 1947இல் பால் ஃபிட்ஸ், ஆர்.இ. ஜோன்ஸ் ஆகிய இருவரும் ஆறு வகையாகப் பகுத்தனர். அவ்வகைப்பாட்டின் துணையுடன் சுவிட்ச் ஒதுக்கீட்டில் எழும் சிக்கல்களையும் அவற்றைத் தவிர்க்கும் முறைகளையும் இக்கட்டுரை விளக்குகிறது. ஒரு மாதிரி விமானத்திற்குள் ஒதுக்கீடு எவ்வளவு பொருத்தமாக அமைகிறது என்பதைவிட, ஒருவரிடமுள்ள மாதிரிகள் அனைத்திலும் அது மாறாதிருக்கிறதா என்பதே முதன்மையானது என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: மாதிரி விமானம், டிரான்ஸ்மிட்டர், சுவிட்ச் ஒதுக்கீடு, திராட்டில் பூட்டு, பதிலீட்டுப் பிழை, மனிதக் காரணியியல்.

முன்னுரை

மாதிரி விமானத்தை ஓட்டுபவர் அதற்குள் அமர்ந்திருப்பதில்லை. தரையில் நின்று, கையிலுள்ள டிரான்ஸ்மிட்டரின் வழியாக அதை இயக்குகிறார். விமானத்தின் சாய்வு, உயரம், வேகம் ஆகியவற்றைப் பெரும்பாலும் கண்ணால் மட்டுமே அறிகிறார்; இருக்கையின் அதிர்வோ உடலில் உணரப்படும் இழுவையோ அவருக்குத் துணைவருவதில்லை. ஆகவே, கண் விமானத்தை விட்டு விலகக் கூடாது என்பது இக்கலையின் முதல் விதியாகிறது. நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் பறக்கும் ஒரு மாதிரி, ஓட்டுபவர் குனிந்து சுவிட்சைத் தேடும் 2 நொடிகளில் 40 மீட்டர் கடந்துவிடும். தாழ்வாகப் பறக்கும்போது அந்த 40 மீட்டருக்குள் மரம் இருக்கலாம். வேடிக்கை பார்ப்பவர் நிற்கலாம்.

இதன் விளைவாக, டிரான்ஸ்மிட்டரின் முகப்பில் அச்சிடப்பட்டுள்ள எழுத்துகள் பறத்தலின்போது உதவுவதில்லை. விரலால் அறியக்கூடியவை இடம், வடிவம், திசை ஆகிய மூன்று மட்டுமே. சுவிட்ச் ஒதுக்கீடு என்பது திரையில் செய்யப்படும் ஓர் அமைப்புப் பணிபோலத் தோன்றினாலும், உண்மையில் அது விரல்களுக்கு இடப்படும் பாடம் எனலாம்.

கருவியின் அமைப்பு

பரவலாகப் புழங்கும் டிரான்ஸ்மிட்டரில் இரண்டு ஸ்டிக்குகள் உள்ளன. திராட்டில், எலிவேட்டர், எய்லெரான், ரட்டர் ஆகிய நான்கு அடிப்படைக் கட்டுப்பாடுகளும் அவற்றில் அடங்கும். திராட்டிலும் ரட்டரும் இடப்புற ஸ்டிக்கிலும், எலிவேட்டரும் எய்லெரானும் வலப்புற ஸ்டிக்கிலும் அமைவது இரண்டாம் முறை. திராட்டிலையும் எலிவேட்டரையும் இடம் மாற்றி அமைப்பது முதல் முறை. அமெரிக்காவில் இரண்டாம் முறையும் ஜப்பானில் முதல் முறையும் பெருவழக்காக உள்ளன. பின்வரும் விளக்கங்கள், வேறாகக் குறிப்பிடப்படாத இடங்களில், இரண்டாம் முறையைச் சார்ந்தவை.

ஸ்டிக்குகளைச் சுற்றி முகப்பிலும் தோள்பகுதியிலும் சுவிட்சுகள் அமைந்துள்ளன. ஃபிரைஸ்கை நிறுவனத்தின் தரானிஸ் எக்ஸ்9டி, ரேடியோமாஸ்டர் நிறுவனத்தின் டிஎக்ஸ்16எஸ் போன்ற கருவிகளில் எஸ்ஏ முதல் எஸ்எச் வரை எட்டுச் சுவிட்சுகள் உண்டு. அவற்றுள் ஆறு, மூன்று நிலைகள் கொண்டவை; எஸ்எஃப் இரண்டு நிலை கொண்டது; எஸ்எச் விரலை எடுத்ததும் வில்லின் விசையால் தானே மீளும் இயல்புடையது. ஓப்பன்டிஎக்ஸ் மென்பொருளிலும், அதிலிருந்து 2021இல் கிளைத்த எட்ஜ்டிஎக்ஸ் மென்பொருளிலும் இவற்றுள் எதையும் எப்பணிக்கும் ஒதுக்கலாம். பழைய கருவிகளில் இந்த உரிமை இல்லை. சக்கரத்திற்கு ஒன்று, ஃபிளாப்பிற்கு ஒன்று எனத் தொழிற்சாலையிலேயே பணி பிணைக்கப்பட்டு, பெயரும் அருகில் பொறிக்கப்பட்டிருக்கும். அந்தக் கட்டாயம் ஓர் ஒழுங்கையும் தந்தது என்பதை மறுப்பதற்கில்லை. உரிமை வந்தபோது ஒழுங்கு பயன்படுத்துபவரின் பொறுப்பாயிற்று.

இங்கு ஒரு பழைய செய்தி நினைக்கத்தக்கது. ஸ்டிக்குகளே இல்லாத ஒற்றைப் பொத்தான் டிரான்ஸ்மிட்டர்கள் ஒருகாலத்தில் புழக்கத்தில் இருந்தன. மாதிரிக்குள் முறுக்கிய ரப்பர் பட்டையால் இயங்கும் எஸ்கேப்மென்ட் என்ற பொறி, பொத்தானை ஒருமுறை அழுத்தினால் ரட்டரை வலப்புறமும், அடுத்த முறை அழுத்தினால் இடப்புறமும் திருப்பும். கடைசியாக எப்பக்கம் திரும்பியது என்பதை ஓட்டுபவர் மனத்தில் வைத்திருக்க வேண்டும். மறந்தால் எதிர்ப்பக்கம் திரும்பும். கருவி எளிமையாக இருந்தது. சுமை முழுவதும் நினைவின் மேல் இருந்தது.

ஃபிட்ஸ் - ஜோன்ஸ் வகைப்பாடு

இரண்டாம் உலகப்போரை ஒட்டிய காலத்தில், விமான விபத்துகள் பலவற்றுக்கு 'விமானியின் பிழை' என்று காரணம் எழுதப்பட்டது. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் ரைட் ஃபீல்டில் இயங்கிய விமான மருத்துவ ஆய்வகத்தைச் சேர்ந்த ஃபிட்சும் ஜோன்சும் அச்சொல்லை அப்படியே ஏற்கவில்லை. கட்டுப்பாடுகளை இயக்குவதில் நேர்ந்த 460 பிழை அனுபவங்களைத் திரட்டி, அவற்றை ஆறு வகையாகப் பகுத்தனர். ஒன்றை இயக்க எண்ணி மற்றொன்றை இயக்குவது பதிலீட்டுப் பிழை. இது 50 விழுக்காடு. சரியான கட்டுப்பாட்டைத் தவறான அளவிலோ நிலையிலோ வைப்பது சரிசெய்தல் பிழை, 18 விழுக்காடு. மறதிப் பிழையும் 18 விழுக்காடு. எதிர்த்திசையில் இயக்கும் திசைமாற்றப் பிழை 6, தற்செயலாக இயக்கிவிடுவது 5, கை எட்டாமல் போவது 3 விழுக்காடு.

இவ்விழுக்காடுகள் போர் விமானிகளுக்கு உரியவை. மாதிரி விமானத் துறைக்கு இவற்றை அப்படியே பொருத்திப் பார்ப்பது முறையன்று. ஆனால் வகைப்பாடு பொருந்துகிறது. குறிப்பாக, அவ்வாய்வில் சுட்டப்பட்ட ஓர் எடுத்துக்காட்டு இக்கட்டுரைக்கு மையமானது. இயந்திரத்தைக் கட்டுப்படுத்தும் மூன்று நெம்புகோல்கள் பி-25 விமானத்தில் இடமிருந்து வலமாகத் திராட்டில், புரொப்பெல்லர், எரிபொருள் கலவை என அமைந்திருந்தன. சி-47 விமானத்தில் புரொப்பெல்லர், திராட்டில், கலவை என்ற வரிசை. சி-82 விமானத்தில் கலவை, திராட்டில், புரொப்பெல்லர். ஒவ்வொன்றையும் தனியே நோக்கினால் எந்த வரிசையிலும் குறையில்லை. ஒன்றில் பழகிய கை மற்றொன்றில் அமரும்போதுதான் குறை வெளிப்படுகிறது.

பதிலீட்டுப் பிழை

இன்றைய டிரான்ஸ்மிட்டரின் நினைவகத்தில் பத்து, இருபது மாதிரி விமானங்களின் பதிவுகளைச் சேமிக்கலாம். வாங்கிய வரிசையில், வெவ்வேறு மாதங்களில், வெவ்வேறு மனநிலையில் அவை அமைக்கப்படுகின்றன. முதல் மாதிரியில் ஃபிளாப் இல்லை. ஆகவே நல்ல இடத்திலுள்ள சுவிட்ச் டூயல் ரேட் எனப்படும் அசைவளவுத் தேர்வுக்குப் போகிறது. இரண்டாம் மாதிரியில் ஃபிளாப் வருகிறது. எஞ்சிய இடத்தில் அது வைக்கப்படுகிறது. மூன்றாவதில் மடங்கும் சக்கரங்கள் வருகின்றன. இவ்வாறு ஒரே கையில், ஒரே கருவிக்குள், பி-25உம் சி-47உம் சி-82உம் உருவாகிவிடுகின்றன. விமானியை வேறு விமானத்திற்கு மாற்றுபவர் எவருமில்லை. ஒருவர் தமக்குத்தாமே அதைச் செய்துகொள்கிறார்.

இதற்கான தீர்வு, பணிகளை மாதிரிவாரியாக அன்றி ஒட்டுமொத்தமாகப் பட்டியலிடுவதில் தொடங்குகிறது. ஒருவர் தம்மிடமுள்ள, எதிர்காலத்தில் வைத்திருக்கக்கூடிய மாதிரிகள் அனைத்துக்கும் தேவைப்படும் பணிகளைத் திரட்ட வேண்டும்: திராட்டில் பூட்டு, ஃபிளாப், சக்கரம், அசைவளவு, பறத்தல் நிலை, பயிற்சி மாற்று. ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் நிலையாக ஒதுக்கப்படுகிறது. ஃபிளாப் இல்லாத மாதிரியில் ஃபிளாப்பின் இடம் வெறுமையாகவே விடப்பட வேண்டும். வெறுமையான சுவிட்சைக் கண்டால் அதற்கு ஏதேனும் பணி கொடுக்கத் தோன்றுவது இயல்பு. அதனை அடக்குவதே இம்முறையின் கடினமான பகுதி. பணியில்லாத சுவிட்சைத் தவறுதலாக இயக்கினால் ஒன்றும் நேராது. வேறு பணி ஏற்றப்பட்ட சுவிட்சைத் தவறுதலாக இயக்கினால் நேரும்.

அண்மையும் வடிவ ஒப்புமையும் பதிலீட்டுப் பிழையின் இரு துணைக் காரணங்கள். பி-17 குண்டுவீச்சு விமானத்தில் சக்கரத்திற்கும் ஃபிளாப்பிற்கும் உரிய சுவிட்சுகள் ஒரே வடிவில் அருகருகே இருந்தன. தரையிறங்கிய பின் ஃபிளாப்பை மேலேற்ற முனைந்த விமானிகள் சக்கரத்தை மடக்கிவிட்டனர். உளவியலறிஞர் அல்ஃபோன்ஸ் சப்பானிஸ், சக்கரக் கட்டுப்பாட்டின் முனையில் சிறு ரப்பர்ச் சக்கரத்தையும், ஃபிளாப் கட்டுப்பாட்டின் முனையில் ஆப்பு வடிவத் துண்டையும் பொருத்தி இதனைத் தீர்த்தார். அமெரிக்கப் போக்குவரத்து விமானங்களின் தகுதி விதிகளில் 25.781ஆம் பிரிவு, இக்கைப்பிடிகளின் வடிவத்தை இன்றும் வரையறுக்கிறது.

டிரான்ஸ்மிட்டரில் இதே உத்தி மிக மலிவாகக் கைகூடும். சுவிட்சின் தண்டில் சிலிக்கான் குழாய்த் துண்டு ஒன்றைச் செருகினால் அதன் தடிமன் மாறும். விரல் பட்டவுடன் வேறுபாடு தெரியும். நெடிய தண்டும் குறுகிய தண்டும் அடுத்தடுத்து அமைந்த கருவிகளில், நெடியதை அடிக்கடி பயன்படும் பணிக்கும் குறுகியதை அரிதாகப் பயன்படும் பணிக்கும் ஒதுக்கலாம். வண்ண வளையம் ஒட்டுவது பார்வைக்கு அழகு. கண் வானத்தில் இருக்கும்போது அது பயன்தராது.

அண்மையால் விளையும் ஆபத்து ஹெலிகாப்டர் மாதிரிகளில் மிகுதி. ஐடில்-அப் எனப்படும் நிலையை இயக்கினால், திராட்டில் ஸ்டிக் அடியில் இருந்தாலும் சுழலித் தகடுகள் முழுவேகம் பெறும்; தலைகீழாகப் பறப்பதற்கு அது தேவை. மோட்டாரின் விசையை நிறுத்தும் திராட்டில் ஹோல்டு சுவிட்ச் இதற்கு அருகில் அமைந்து, தரையில் இருக்கும்போது கை தடுமாறினால், குனிந்து நிற்பவரின் முகத்துக்கு முன்னால் தகடுகள் சுழலத் தொடங்கும். இவ்விரண்டும் எதிரெதிர்த் தோள்களில் அமைவதே சாலச் சிறந்தது.

தற்செயல் இயக்கமும் திராட்டில் பூட்டும்

ஃபிட்ஸ் - ஜோன்ஸ் பட்டியலில் 5 விழுக்காடே பெறும் தற்செயல் இயக்கம், மின்மோட்டார் பொருத்திய மாதிரிகளில் முதன்மைச் சிக்கலாக உயர்கிறது. பெட்ரோல் அல்லது குளோ இயந்திரத்தை இயக்க ஒருவர் முயல வேண்டும். அது இயங்கும்போது ஒலி எழுப்பும். மின்மோட்டார், மின்கலம் இணைக்கப்பட்ட கணம் முதல் ஒலியின்றிக் காத்திருக்கும். கழுத்துப்பட்டை ஸ்டிக்கில் மாட்டினாலோ, சட்டை உரசினாலோ புரொப்பெல்லர் சுழலும். சுழன்று தடைப்பட்டாலும் நிற்பதில்லை. மின்னோட்டம் கூடிக்கூடித் தள்ளும். விரல்களை இழக்க இதுவே போதுமானது.

இதற்காகவே திராட்டில் பூட்டு அமைக்கப்படுகிறது. பலரும் பயன்படுத்தும் எளிய வடிவத்தில், சுவிட்ச் ஒரு நிலையில் இருந்தால் மூன்றாம் சேனல் போன்ற மோட்டாருக்குரிய சேனல் மிகக் குறைந்த மதிப்பில் நிறுத்தப்படும். மறுநிலையில் ஸ்டிக்கின் மதிப்பு செல்லும். இவ்வடிவில் ஒரு குறை உண்டு. ஸ்டிக் பாதியளவு மேலேறிய நிலையில் யாரேனும் பூட்டைத் திறந்தால், மோட்டார் அக்கணமே பாதி வேகத்தில் பாயும். பூட்டு இருந்தும் பயனில்லை. சொல்லப்போனால், 'பூட்டியிருக்கிறது' என்ற நம்பிக்கையால் கை புரொப்பெல்லருக்கு அருகில் இருக்க வாய்ப்பு மிகுதி.

இக்குறையைத் தவிர்க்க, ஓப்பன்டிஎக்ஸ், எட்ஜ்டிஎக்ஸ் ஆகியவற்றில் தருக்கச் சுவிட்சுகள் பயன்படுகின்றன. இவை கருவியில் கண்ணுக்குத் தெரியாதவை. நிபந்தனை நிறைவேறினால் 'உண்மை' எனக் கொள்ளப்படும் மென்பொருள் சுவிட்சுகள். ஸ்டிக் அடிமட்டத்தில் உள்ளது என்பது முதல் நிபந்தனை. பூட்டுச் சுவிட்ச் திறப்பு நிலையில் உள்ளது என்பது இரண்டாவது. இரண்டும் ஒருசேர நிறைவேறும்போது மட்டும் மூன்றாவதான ஒரு தருக்கச் சுவிட்ச் உண்மையாகி, அந்நிலையிலேயே ஒட்டிநிற்கும். பூட்டுச் சுவிட்ச் மீண்டும் பூட்டு நிலைக்கு வந்தால்தான் அது விலகும். இந்த ஒட்டுநிலை இல்லாதவரை மோட்டார் சேனல் அடிமதிப்பிலேயே நிறுத்தப்படுகிறது. திறந்தபின் பறக்கும்போது ஸ்டிக்கை எவ்வளவு உயர்த்தினாலும் தடையில்லை. பூட்டியபின் ஸ்டிக்கை அடிக்குக் கொண்டுவராமல் திறக்க இயலாது.

இவ்வமைப்பிலும் ஓர் இடைவெளி எஞ்சுகிறது. பூட்டுச் சுவிட்ச் திறந்த நிலையிலும் ஸ்டிக் அடியிலும் இருக்கும்போது டிரான்ஸ்மிட்டரை இயக்கினால், இரு நிபந்தனைகளும் உடனே நிறைவேறிவிடும். எனவே, இயக்கும்போது சுவிட்சுகளின் நிலையைச் சரிபார்த்து எச்சரிக்கும் வசதியை இச்சுவிட்சுக்குக் கட்டாயம் செயல்படுத்த வேண்டும். மற்றொன்றும் நோக்கத்தக்கது: டிரான்ஸ்மிட்டரே அணைந்துவிட்டால் அதிலுள்ள எந்தச் சுவிட்சும் பயன்படாது. அந்நேரத்தில் மோட்டாரை நிறுத்துவது ரிசீவரில் அமைக்கப்படும் ஃபெயில்சேஃப் மட்டுமே. டிரான்ஸ்மிட்டரை முதலில் இயக்கி, மாதிரியின் மின்கலத்தைப் பின்னர் இணைப்பதும், அணைக்கும்போது இவ்வரிசையைத் தலைகீழாக்குவதும் இதனாலேயே வழக்கமாயின. பூட்டு எத்துணைச் செம்மையாக இருப்பினும், மின்கலம் இணைந்த மாதிரியின் புரொப்பெல்லர் சுழல்வதாகவே கருதப்பட வேண்டும்.

பூட்டுக்கு இரண்டு நிலைச் சுவிட்சே ஏற்றது. இடத்தேர்வில் கருத்து வேறுபாடு உண்டு. இடச் சுட்டுவிரலின் கீழ் வரும் எஸ்எஃப் பலரின் தேர்வு. நிலையிறக்கை விமானத்தில் விரல் தவறி மோட்டார் நின்றாலும் விமானம் மிதந்து வரும்; இழப்பு சிறிது. நான்கு சுழலி கொண்ட ட்ரோனில் அதே தவறு நேர்ந்தால் அது கல்லென விழும். இதனால் ட்ரோனுக்கு மட்டும் பூட்டை வேறிடத்தில் வைப்போர் உள்ளனர். தனியே நோக்க, அது நியாயமான வாதம். ஆயினும், அவசரத்தில் மோட்டாரை நிறுத்தும் விரலசைவு ஒருவருக்கு ஒன்றாகவே இருக்க வேண்டும் என்ற நோக்கில், இடத்தை மாற்றாமல் தண்டைக் குறுக்குவதோ குழாய் செருகி வேறுபடுத்துவதோ மேலானது. எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் வானொலி இணைப்பைப் பயன்படுத்தும் ட்ரோன்களில் இப்பணி ஐந்தாம் சேனலில் அமைய வேண்டும் என்ற வரையறை உண்டு. அது சேனலைப் பற்றியதே அன்றிச் சுவிட்சின் இடத்தைப் பற்றியதன்று; எந்தச் சுவிட்சையும் அச்சேனலுக்கு இணைக்கலாம்.

திசையும் தொடக்க நிலையும்

'மேலே', 'கீழே' என்ற சொற்கள் முகப்புச் சுவிட்சுக்குப் பொருந்தும். தோளிலுள்ள சுவிட்சுக்குப் பொருந்தா. ஆகவே 'ஓட்டுபவரை விட்டு விலகி', 'ஓட்டுபவரை நோக்கி' என்று குறிப்பது தெளிவு. எல்லாச் சுவிட்சுகளும் விலகி நிற்கும் நிலையே தொடக்க நிலை, அதுவே பாதுகாப்பு நிலை என்று வரையறுப்பது பெருவழக்கு. உள்ளங்கையால் ஒருமுறை தடவினாலே அனைத்தும் ஒழுங்கில் உள்ளனவா என்பது புலப்படும். மோட்டார் பூட்டியிருக்கிறது, ஃபிளாப் ஏறியிருக்கிறது, அசைவளவு வழக்கமான அளவில் உள்ளது, பறத்தல் நிலை இயல்பானது. பெரும்பாலான பணிகள் இந்த ஒழுங்குக்குள் இடரின்றி அடங்குகின்றன.

மடங்கும் சக்கரம் மட்டும் அடங்குவதில்லை. தண்டு கீழே வந்தால் சக்கரமும் கீழே என்பதே கை எதிர்பார்க்கும் இயைபு. முழுவடிவ விமானங்களிலும் அதுவே வழக்கு. ஆனால் தொடக்கத்தில் மாதிரி தரையில் நிற்கிறது. சக்கரம் கீழே இருந்தாக வேண்டும். தொடக்க நிலை ஒழுங்கைப் பின்பற்றினால் தண்டு விலகி மேலிருக்கும்போது சக்கரம் கீழே என்றாகும். இயைபைப் பின்பற்றினால் ஒழுங்கு குலையும். இரண்டையும் ஒருங்கே காக்க வழியில்லை. இவற்றுள் இயைபைக் காத்து, சக்கரச் சுவிட்சை ஒழுங்குக்கு ஒரே விதிவிலக்காக ஏற்பதே தக்கது. காரணம், தொடக்க நிலையில் நேரும் தவறு தரையில், மென்பொருளின் எச்சரிக்கை கேட்கும் இடத்தில் நேர்கிறது; இயைபில் நேரும் தவறு தரையிறங்கும் கணத்தில், எச்சரிக்க எதுவுமில்லாத இடத்தில் நேர்கிறது. விதிவிலக்கு ஒன்றே இருக்கும்வரை அது நினைவில் நிற்கும். இரண்டாவது விதிவிலக்கு சேர்ந்தால் ஒழுங்கு என்ற ஒன்றே இல்லாமற்போகும்.

மூன்று நிலைச் சுவிட்சுகளில் மற்றொரு நுட்பம் உள்ளது. இரு கோடிகளையும் விரல் தள்ளி முட்டவைத்து அடையலாம். நடுநிலையை அவ்வாறு அடைய இயலாது. விரைவில் தள்ளும்போது நடுநிலையைத் தாண்டிவிடுவதே சரிசெய்தல் பிழையின் வழக்கமான வடிவம். எனவே அவசரத்தில் தேவைப்படும் நிலை ஒருபோதும் நடுவில் அமையக் கூடாது. ஃபிளாப்பில் பாதியிறக்கம் நடுவில் அமைவது தவிர்க்க இயலாதது. அங்கே செர்வோவின் நகர்வை 2 அல்லது 3 நொடிகளுக்கு நீட்டி மெதுவாக்கினால், நடுநிலையைத் தாண்டியதை உணர்ந்து மீட்க நேரம் கிடைக்கும். தளர்நடையில் இறங்கும் ஃபிளாப், விமானத்தின் மூக்கு திடீரென மேலெழுவதையும் தணிக்கும்.

மறதிப் பிழைக்குச் சுவிட்சின் இடம் மருந்தாகாது, ஒலியே மருந்து. சுவிட்ச் நிலை மாறும்போது அதன் பணியை டிரான்ஸ்மிட்டர் குரலால் அறிவிக்கும் வசதி இப்போது பரவலாக உள்ளது. 'ஃபிளாப் பாதி', 'மோட்டார் திறப்பு' எனச் சொந்தக் குரலிலேயே பதிவுசெய்து சேர்க்கலாம். எல்லாச் சுவிட்சுக்கும் குரல் கொடுத்தால் எதையும் காது கேட்காது. பூட்டு, சக்கரம், பறத்தல் நிலை ஆகிய மூன்றுக்கு மட்டும் கொடுப்பது போதும்.

கை எட்டும் தொலைவு

எந்தக் கை எப்போது ஓய்வாக இருக்கிறது என்ற கேள்வியே இங்கு அடிப்படை. இரண்டாம் முறையில், தரையிறங்கும்போது வலக்கை எலிவேட்டரையும் எய்லெரானையும் ஒரு கணமும் விட இயலாது. இடக்கை திராட்டிலைக் குறைத்தபின் சிறிது நேரம் ஓய்ந்திருக்கும். ஆகவே ஃபிளாப்பும் சக்கரமும் இடப்புறம் அமைய வேண்டும். உயரத்தில் நேராகப் பறக்கும்போது மட்டுமே மாற்றப்படும் அசைவளவு, வலப்புறத்துக்குப் போகலாம். முதல் முறையில் எலிவேட்டர் இடக்கையிலும் எய்லெரான் வலக்கையிலும் இருப்பதால், தரையிறங்கும்போது இரு கைகளுக்கும் ஓய்வில்லை. ஸ்டிக்கை விடாமல் சுட்டுவிரலால் தொடக்கூடிய தோள் சுவிட்சுகளே அங்கு மதிப்புடையவை.

பிடிக்கும் முறையும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. கட்டைவிரலை மட்டும் ஸ்டிக்கின் மேல் வைத்து ஓட்டுபவரின் சுட்டுவிரல்கள் தோளில் இயல்பாகவே படியும். கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் ஸ்டிக்கைப் பற்றி ஓட்டுபவருக்கோ தோள் தொலைவு. அவருக்கு முகப்புச் சுவிட்சுகள் அணுக்கமானவை. ஒருவர் பரிந்துரைக்கும் ஒதுக்கீட்டை மற்றொருவர் அப்படியே படியெடுத்துக்கொள்வது இதனால்தான் பலன் தருவதில்லை.

கையால் எறிந்து பறக்கவிடும் மாதிரிகளில் நிலைமை மேலும் மாறுகிறது. வலக்கை விமானத்தை எறிகிறது. டிரான்ஸ்மிட்டர் முழுவதும் இடக்கையில் தங்குகிறது. எறிந்த கணத்தில் தேவைப்படும் எதுவும் வலப்புறத்தில் இருந்தால் அது இல்லாததற்குச் சமம். இறக்கையின் நுனியைப் பிடித்துச் சுழன்று எறியும் டிஸ்கஸ் முறைக் கிளைடர்களில், எறிதலுக்குரிய எலிவேட்டர் அமைப்பைத் தானே மீளும் சுவிட்சில் வைத்து, இடச் சுட்டுவிரலால் அழுத்திப் பிடித்து, எறிந்தபின் விடுவது வழக்கம். விரலை எடுத்தால் இயல்நிலை திரும்பும் என்பதே இதன் நயம். பயிற்சியளிப்பவர் பயன்படுத்தும் மாற்றுச் சுவிட்சும் இவ்வகையினதாகவே இருக்க வேண்டும். அழுத்திப் பிடித்திருக்கும்வரை மாணவர் ஓட்டுவார். ஆபத்து நேரின் ஆசிரியர் எதையும் தேடாமல் விரலை எடுத்தால் போதும். நெடுநேரம் பிடிப்பது களைப்பு என்பதற்காக நிலையாக நிற்கும் சுவிட்சுக்கு இதை மாற்றுவோர் உண்டு. விரலின் களைப்புக்கும் விமானத்தின் வீழ்ச்சிக்கும் இடையே அத்தேர்வை எவ்வாறு நியாயப்படுத்துவது என்பது விளங்கவில்லை.

ஒதுக்கீட்டை மாற்றியமைத்தல்

பல ஆண்டுகளாகச் சீரற்ற ஒதுக்கீட்டில் ஓட்டிவரும் ஒருவர் புதிய ஒழுங்குக்கு மாறும்போதுதான் இடர் மிகுதி. பழைய விரலசைவு, மனம் அமைதியாக இருக்கும்போது அடங்கியிருந்து, பதற்றத்தில் மேலெழும். முதலில் எந்த விமானத்துக்கும் உரியதல்லாத ஒரு மூலப் பதிவை உருவாக்கி, அதில் பூட்டு, எச்சரிக்கை, குரல் அறிவிப்பு, சுவிட்சுகளின் நிலையான இடம் ஆகியவற்றை அமைத்துச் சரிபார்க்க வேண்டும். ஒவ்வொரு மாதிரிக்கும் அதன் படியை எடுத்து, சேனல் திசை, அசைவளவு, டிரிம் ஆகியவற்றை மட்டும் மாற்றினால் போதும். பின்னர் புரொப்பெல்லரைக் கழற்றிய நிலையில், மேசையின் முன் கண்ணை மூடி நின்று, மற்றொருவர் பணியின் பெயரைச் சொல்லச் சொல்லச் சுவிட்சை இயக்கிப் பழகலாம். பெயரைக் கேட்டதும் விரல் தயங்காமல் போகும்வரை களத்துக்குச் செல்வது உசிதமன்று. கணினியில் இயங்கும் பறத்தல் சிமுலேட்டருடன் அதே டிரான்ஸ்மிட்டரை இணைத்துப் பழகுவது இன்னும் நன்று. அங்கே விழும் விமானம் செலவு வைப்பதில்லை.

எல்லா மாதிரிகளின் பதிவுகளையும் ஒரே நாளில் மாற்ற இயலாமற்போகலாம். மாற்றப்படாமல் எஞ்சியவை, புதிய ஒழுங்குக்குப் பழகிய கைக்கு முன்னைவிட ஆபத்தானவையாகிவிடுகின்றன. அவற்றின் பதிவுப் பெயருக்கு முன் ஒரு குறியை இட்டு, மாற்றி முடிக்கும்வரை அம்மாதிரிகளில் மின்கலத்தை இணைக்காமல் வைக்க வேண்டும்.